பிரைமரைச் சுத்தியலால் தட்டச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில வாரங்களுக்கு முன் உங்கள் ஞாயிறு இதழில், கனடாவில் மான் வேட்டைக்குப் போகும் எங்கள் பிள்ளைகளைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. நன்றாக எழுதியிருந்தார்கள். விடியப்புறக் குளிரில் மரத்தடியில் அசையாமல் இருப்பதையும், கிடைத்த இறைச்சியை நாலு வீட்டுக்குப் பகிர்ந்து கொடுப்பதையும் வாசித்தபோது என்னுடைய பழைய நாட்கள் கண்ணுக்கு முன்னால் வந்தன. ஆனால் தோட்டாவை வீட்டிலேயே திரும்ப நிரப்புவதைப் பற்றிச் சொன்ன இடத்தில், கோதின் அடியில் பிரைமரை வைத்துச் சுத்தியலால் தட்டி இறுக்கினால் வேலை முடிந்தது என்ற கருத்தில் ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் மருதானையில் தொழில் படித்து, கொழும்புத் துறைமுகப் பக்கம் ஒரு வேலைத்தளத்தில் ஃபிட்டராக வேலை பார்த்தவன். 83 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு குடும்பத்தோடு கனடாவுக்குப் போனேன். வினிப்பெக் நகரில் ஒரு மெஷின் ஷொப்பில் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் கடைசல் இயந்திரத்தில் நின்றேன். இப்போது வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் இருக்கிறேன். வினிப்பெக்கில் கூட வேலை செய்த வெள்ளைக்காரப் பெரியவர் ஒருவர்தான் என்னை முதன்முதலில் காட்டுக்குக் கூட்டிப்போனவர். அங்கே அப்போது துவக்கு வாங்குவதற்கு எஃப்ஏசி என்று ஒரு சான்றிதழ் எடுக்க வேண்டும். பிற்பாடு அதன் இடத்துக்கு பிஏஎல் என்ற அனுமதிப்பத்திரம் வந்தது. நானும் முறைப்படி சான்றிதழ் எடுத்து, .308 என்ற அளவுத் தோட்டா போடும் துவக்கு ஒன்று வாங்கி, சொந்தப் பாவனைக்குத் தோட்டா நிரப்பவும் பழகினேன். அந்த நாட்டுச் சட்டத்தில் அதற்கு இடம் உண்டு.

பிரைமர் என்றால் என்ன என்று தெரியாத வாசகர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். சுட்ட தோட்டாவின் பித்தளைக் கோதைத் திருப்பிப் பார்த்தால், அடிப்பக்கத்தின் நடுவில் ஒரு சின்ன வட்டம் தெரியும், அதில் ஊசி குத்திய பள்ளமும் இருக்கும். அந்த வட்டம்தான் பிரைமர். எங்கள் ஆட்கள் பொதுவாகக் கேப்பு என்பார்கள். .308 போன்ற பெரிய துவக்குத் தோட்டாவுக்கு அதன் விட்டம் 0.210 அங்குலம், சிறிய வகைக்கு 0.175 அங்குலம். சட்டைப் பொத்தானை விடச் சிறியது. மெல்லிய உலோகக் கிண்ணம் ஒன்றுக்குள் ஒரு துளி வெடிக் கலவை, அதற்கு மேல் கால் விரித்து நிற்கும் ஒரு குட்டித் தகடு. அதை அன்வில் என்பார்கள், பட்டறைக்கல் என்ற அர்த்தத்தில். துவக்கின் ஊசி கிண்ணத்தை வெளியிலிருந்து குத்தும்போது, கலவை ஊசிக்கும் இந்தத் தகட்டுக்கும் இடையில் நசுங்கித் தீப்பிடிக்கிறது. அந்தத் தீ கோதின் அடியிலுள்ள சின்னத் துவாரத்தால் உள்ளே போய் வெடிமருந்தைப் பற்றவைக்கிறது.

இப்போது யோசித்துப் பாருங்கள். தோட்டாவில் மற்ற எல்லாம் சூட்டுக்காகக் காத்திருக்கின்றன. புகையில்லா மருந்தைத் திறந்த வெளியில் பற்றவைத்தால் வேகமாக எரியும், அவ்வளவுதான். குண்டு வெறும் ஈயமும் செம்பும். பிரைமர் மட்டும்தான் அடிக்காகக் காத்திருக்கிறது. அடித்தால் வெடிக்க வேண்டும் என்றே செய்த பொருள் அது. அதைச் சுத்தியலால் அடிக்கச் சொல்லிப் பத்திரிகையில் எழுதலாமா?

கட்டுரை எழுதியவர் இதைச் சும்மா கற்பனையில் எழுதவில்லை என்பதும் எனக்குத் தெரியும். அப்படி ஒரு கைக்கருவி உண்மையாகவே இருக்கிறது. உள்ளங்கையில் அடங்குகிற பெட்டி, அதற்குள் ஒரு எஃகுக் குழாய், இரண்டு மூன்று கம்பிகள், மருந்து அளக்க ஒரு கரண்டி. இயந்திரம் எதுவும் வேண்டாம், கொட்டாப்புளி ஒன்று போதும். 1950களின் கடைசியிலிருந்து விற்பனையில் இருக்கும் இந்த வகைக் கருவியால் எத்தனையோ ஏழை வேட்டைக்காரர்கள் செலவைக் குறைத்திருக்கிறார்கள். நானும் அதில்தான் தொடங்கினேன். அதில் பிரைமர் ஏற்றும் முறை என்னவென்றால், பிரைமரை ஒரு குழியில் வைத்து, கோதை அதற்கு மேல் நிறுத்தி, கோதின் வாய்க்குள் ஒரு கம்பியை விட்டு, அந்தக் கம்பியின் தலையில் மெதுவாகத் தட்டுவது. தட்டத் தட்டக் கோது கீழே இறங்கும், பிரைமர் தன் குழிக்குள் ஏறும். மெதுவாகத் தட்டுவதற்கும் அடித்து இறுக்குவதற்கும் உள்ள வித்தியாசம் அந்தக் கருவியின் குறிப்புத்தாளை வாசித்தவனுக்குத் தெரியும். உங்கள் கட்டுரையை மட்டும் வாசித்தவனுக்குத் தெரியாது.

1989 இல், பனி விழத் தொடங்கிய ஒரு சனிக்கிழமை பின்னேரம், வீட்டின் நிலவறையில் இருந்து இருபது தோட்டா நிரப்பிக்கொண்டிருந்தேன். அதுவரை ஒரு இருநூறு பிரைமராவது தட்டி ஏற்றியிருப்பேன், ஒன்றும் நடந்ததில்லை. அன்றைக்கு என்னிடம் இருந்த கோதுகள் சினேகிதர் ஒருவர் தந்த இராணுவக் கோதுகள். அடியில் வட்டத்துக்குள் சிலுவை மாதிரி ஒரு அடையாளம் இருந்தது. நேட்டோ தரத்துத் தோட்டாவுக்கு அந்த அடையாளம் போடுவார்கள். அளவைப் பார்த்தால் என் .308 கோது மாதிரியே இருந்தது. ஆனால் இந்த வேலைக்கு முக்கியமான ஒரு வித்தியாசம் இருந்தது. இராணுவத் தோட்டாவில் பிரைமர் தெறித்து வெளியே வந்துவிடக்கூடாது என்பதற்காகக் குழியின் விளிம்பைச் சுற்றி நசுக்கிவிடுவார்கள். பழைய பிரைமரைக் கழற்றினாலும் அந்த நசுக்கிய விளிம்பு உள்பக்கமாகத் துருத்திக்கொண்டே இருக்கும். சின்ன ரீமர் ஒன்றால் அதைச் சீவி எடுத்த பிறகுதான் புதுப் பிரைமர் நேராக உள்ளே போகும். இந்த விஷயம் எனக்கு அன்றைக்குத் தெரியாது.

முதல் கோதில் கம்பி கொஞ்சம் இறங்கி நின்றுவிட்டது. இன்னொரு தட்டுத் தட்டினேன், அசையவில்லை. நான் ஃபிட்டர். இறுகிய பொருளை அடித்து இறக்குவது எனக்குப் பழகிப்போன வேலை. பெயரிங் ஒன்று ஹவுசிங்குக்குள் போக மறுத்தால் என்ன செய்வோமோ அதையே செய்தேன். மூன்றாவது அடியைக் கொஞ்சம் பலமாக அடித்தேன்.

சத்தம் என்றால், மூடிய நிலவறையில் துவக்கு வெடித்த மாதிரி ஒரு சத்தம். கோதுக்குள் இருந்த கம்பி மேலே பாய்ந்து என் மூக்குக் கண்ணாடியின் வலது பக்கத்தில் அடித்தது. கண்ணாடி நட்சத்திரம் மாதிரி வெடித்துப்போனது, ஆனால் கொட்டவில்லை. பிரைமரின் கிண்ணத்திலிருந்து ஒரு துண்டு இடது கை பெருவிரலின் சதைக்குள் போய்விட்டது. அடுத்த நாள் டொக்டர் ஒருவர் அதைக் கீறி எடுத்துத் தந்தார். ஒரு மிளகு அளவு பித்தளைத் துண்டு. இரண்டு நாளைக்குக் காதுக்குள் வண்டு இரைகிற மாதிரி இருந்தது.

நான் அன்றைக்குப் போட்டிருந்தது பாதுகாப்புக் கண்ணாடி இல்லை, எழுத்து வாசிக்கப் போடுகிற கண்ணாடி. கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரியத் தொடங்கியதால் அந்த வருடம்தான் வாங்கினேன். ஒரு வருடம் முந்தி இது நடந்திருந்தால் என்னுடைய வலது கண் இன்றைக்கு இல்லை. தலையைத் திருப்பிப் பார்த்தால் நிலவறைப் படியில் என் மகள் நிற்கிறாள். நாலு வயது. சத்தத்துக்குப் பயந்து அழக்கூட மறந்துபோய் நிற்கிறாள். மேசையில் திறந்த பெட்டியில் மிச்சம் எண்பதுக்கு மேல் பிரைமர் இருந்தன. அவளை அப்படியே தூக்கிக்கொண்டு மேலே போய்விட்டேன். அதற்குப் பிறகு மூன்று மாதம் அந்தப் பெட்டியைத் தொடவில்லை.

திரும்பத் தொடங்கியபோது முறையாகப் படித்துக்கொண்டு தொடங்கினேன். அமெரிக்காவில் துவக்கும் தோட்டாவும் செய்யும் நிறுவனங்களுக்கு 1926 இல் தொடங்கிய ஒரு பொது அமைப்பு இருக்கிறது. பிரைமரைக் கையாள்வதைப் பற்றித் தனியாகவே ஒரு துண்டுப்பிரசுரம் போட்டிருக்கிறார்கள். அதையும், கருவிக்காரர்கள் தரும் குறிப்புத்தாள்களையும் வரிவிடாமல் வாசித்தேன். நான் இப்போது எழுதப்போவதில் என் சொந்த வித்தை எதுவும் கிடையாது. அவர்கள் சொன்னதும், அதற்குப் பிறகு பதினைந்து வருடத்துக்கு மேல் ஒரு பிரைமர்கூட வெடிக்காமல் என் கை கண்டதும்தான்.

முதலில் கருவி. அடிக்கிற முறையை விட்டுவிட்டு, கையால் அழுத்துகிற கருவிக்கு மாறுங்கள் என்றுதான் என்னிடம் கேட்கிற எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்கிறேன். அதுவும் எளிய கைக்கருவிதான், பெரிய விலையில்லை. ஒரு கைப்பிடி, அதில் ஒரு நெம்புகோல். விரல்களால் நெம்புகோலை இறுக்கினால் ஒரு சிறிய கம்பி பிரைமரைக் கோதின் குழிக்குள் தள்ளும். இதில் பெரிய நன்மை, உள்ளே என்ன நடக்கிறது என்று கைக்குத் தெரியும். சுத்தியலுக்கு அது தெரியாது. இடியப்ப உரலை அழுத்துகிற அம்மாவுக்கு மா பதமா, தண்ணீர் குறைவா என்று கை சொல்லிவிடும் இல்லையா, அப்படித்தான். பிரைமர் முதலில் குழியின் வாயில் மெல்லப் பிடிக்கும். பிறகு ஒரே சீரான இறுக்கத்தோடு உள்ளே போகும். அன்விலின் கால்கள் குழியின் தரையில் பட்டவுடன் கைக்கு ஒரு நிற்பாட்டல் தெரியும். அதற்கு மேல் ஒரு சின்ன அழுத்தம், அவ்வளவு போதும். அந்தச் சின்ன அழுத்தத்தில் கலவை அன்விலோடு நன்றாகச் சேர்ந்துகொள்ளும்.

கை சொல்லுகிறதைக் கேட்க வேண்டும். தொடக்கத்திலேயே இறுக்கம் கூடுதலாக இருந்தால், அந்த இடத்தில் நிற்பாட்ட வேண்டும். இராணுவக் கோதாக இருக்கலாம், பிரைமர் சரிந்து நிற்கலாம், குழிக்குள் பழைய கரி அடைத்திருக்கலாம், பிரைமர் தலைகீழாகக்கூட விழுந்திருக்கலாம். காரணம் எதுவானாலும் அதைப் பலத்தால் தீர்க்கக்கூடாது. மாறாக, இறுக்கமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு உள்ளே போனால் அந்தக் கோதின் குழி அகன்றுவிட்டது, பல தடவை சுட்ட கோதுகளுக்கு அப்படி வரும். அந்தக் கோதை இனிப் பாவிக்காமல் ஒதுக்கிவிடுவதுதான் சரி, பிரைமர் உள்ளே இருக்கும்போது அதை நசுக்கவும் கூடாது.

குழியைத் துப்புரவாக்குவதைப் பலபேர் அழகுக்காகச் செய்கிறார்கள் என்று நினைக்கிறார்கள். அதில் விஷயம் இருக்கிறது. கரி தங்கியிருந்தால் அன்விலின் கால் தரையில் படாது, கரிக்கு மேல் நிற்கும். அப்படி நிற்கிற பிரைமரை ஊசி குத்தும்போது, ஊசியின் பலம் பிரைமரை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிவிடும். வெடிக்காது. இரண்டாம் தடவை குத்தினால் வெடிக்கும். மான் அதுவரை நிற்குமா என்பது வேறு கதை, எனக்குப் பயம் அதில் இல்லை. வெடிக்காத தோட்டாவைப் பதற்றத்தில் உடனே வெளியே இழுக்கிறவர்களைக் கண்டிருக்கிறேன். சில சமயம் மருந்து தாமதித்துப் பற்றும். துவக்கின் வாயைப் பத்திரமான திசையில் வைத்துக்கொண்டு, குறைந்தது அரை நிமிடமாவது பொறுக்க வேண்டும்.

இன்னொரு பக்கம், பிரைமர் வெளியே நீட்டிக்கொண்டு நின்றால் அது அதைவிட மோசம். துவக்கின் பின்பூட்டு மூடும்போது வந்து அடிக்கிற வேகத்திலேயே வெடிக்கலாம். தானாக அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் வகைத் துவக்குகளில் இது உண்மையாகவே நடந்திருக்கிறது. பூட்டு முழுதாக மூடுவதற்கு முன் தோட்டா வெடித்தால், வெடிப்பின் ஒரு பங்கு சுடுகிறவனின் முகத்துக்கு வரும்.

அதனால் பிரைமர் கோதின் அடிமட்டத்தை விட ஒரு மயிரிழை கீழே இருக்க வேண்டும். மயிரிழை என்று நான் சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. கணக்கு ஒரு அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் மூன்றிலிருந்து ஐந்து பங்கு, எங்கள் வேலைத்தளப் பேச்சில் மூன்று தௌவிலிருந்து ஐந்து தௌ. தலைமுடி ஒன்றின் தடிப்பு ஏறக்குறைய மூன்று தௌ. அளவுகோல் இல்லாதவர்கள் விரல் நுனியைக் கோதின் அடியில் மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம், ஒரு சின்னப் பள்ளம் தட்டுப்பட வேண்டும். மேடு தட்டுப்படக்கூடாது. கோதைத் தட்டையான கண்ணாடித் துண்டொன்றில் நிறுத்திப் பார்ப்பதும் நல்லது, ஆடினால் பிரைமர் நீட்டிக்கொண்டிருக்கிறது. நான் ஒவ்வொரு கோதையும் இப்படிப் பார்ப்பேன். இருபது கோதுக்கு இரண்டு நிமிடம் போகும்.

நீட்டிக்கொண்டிருக்கிற பிரைமரை வெறும் கோதாக இருக்கும்போதே கவனித்தால் அதே கைக்கருவியில் மெல்ல அழுத்திச் சரிசெய்யலாம். மருந்தும் குண்டும் போட்டு முடித்த தோட்டாவில் கவனித்தால் பிரைமரில் கை வைக்கவே கூடாது. ஒருக்காலும் கூடாது. அப்போது அது வெறும் பிரைமர் கிடையாது, உங்கள் கையில் முழுத் தோட்டா இருக்கிறது. அதை ஒதுக்கி வைத்து, முதலில் குண்டையும் மருந்தையும் கழற்றி எடுத்த பிறகுதான் மற்றதை யோசிக்க வேண்டும். பிரைமரை எண்ணெயில் போட்டால் செத்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். அதை நம்பி இருக்க முடியாது. எண்ணெயில் ஊறிய பிரைமர்கூட வெடித்திருக்கிறது.

கோதுக்குள் ஒரு டோர்ச் அடித்துப் பார்க்கிற பழக்கமும் வேண்டும். நடுவில் ஒரு துவாரம் தெரிந்தால் அது பொக்ஸர் முறைக் கோது, திரும்ப நிரப்பலாம். இரண்டு துவாரம் தெரிந்தால் பேர்டன் முறை. அதில் அன்வில் பிரைமரில் இல்லாமல் கோதிலேயே இருக்கும். பழைய பிரைமரைக் கழற்றச் சாதாரணக் கைக்கருவியின் கம்பியை விட்டு அடித்தால் கம்பிதான் முறியும். இதில் ஒரு புதினம் இருக்கிறது. பொக்ஸர் என்பவர் ஆங்கிலேய இராணுவ அதிகாரி, பேர்டன் அமெரிக்கர், இருவரும் 1866 ஆம் ஆண்டு வாக்கில்தான் தங்கள் முறைகளைப் பதிந்தார்கள். ஆனால் ஆங்கிலேயரின் முறையை அமெரிக்கா எடுத்துக்கொண்டது, அமெரிக்கரின் முறையை ஐரோப்பா எடுத்துக்கொண்டது. இவர்கள் இருவருக்கும் முந்தி, அடித்தால் வெடிக்கிற கலவையைத் துவக்கில் பாவிக்க 1807 இல் உரிமை எடுத்தவர் ஃபோர்சித் என்ற ஸ்கொட்லாந்துப் பாதிரியார். கல்லுத் துவக்கின் பொறியைக் கண்டு பறவைகள் குண்டு வருவதற்குள் பறந்துவிடுவதுதான் அவருக்குப் பெரிய கவலை. அவருக்குப் பிறகு வந்த பழைய கேப்புகளின் கலவையில் பாதரசம் இருந்தது. இன்றைய பிரைமரில் பெரும்பாலும் ஈயம் சேர்ந்த கலவை. அதனால்தான் பிரைமர் தொட்ட கையோடு சோறு சாப்பிடக்கூடாது, சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். சமையல் மேசையில் இந்த வேலையைச் செய்யவே கூடாது.

வைக்கிற விதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடையிலிருந்து வரும்போது நூறு பிரைமர் ஒரு தட்டில் ஒவ்வொன்றாக அடுக்கி வரும். ஒன்று வெடித்தாலும் பக்கத்திலிருப்பது எளிதில் பற்றாமல் இருக்கத்தான் அந்த அடுக்கு. அதைப் பிரித்து ஜாம் போத்தலில் கொட்டி வைக்கிற ஒரு பழக்கம் எங்கள் பிள்ளைகள் சிலரிடம் இருக்கிறது. வட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தார்கள், பார்த்தவுடன் எனக்கு நெஞ்சு பதறியது. போத்தலுக்குள் ஒன்று வெடித்தால் எல்லாம் ஒரே நொடியில் வெடிக்கும், போத்தல் கண்ணாடியும் சேர்ந்து பறக்கும். ஒரு வேலைக்கு வேண்டிய அளவை மட்டும் எடுத்து, மீதியை அதே பெட்டியில் மூடி, பிள்ளைகளுக்கு எட்டாமல் பூட்டி, மருந்துக்குப் பக்கத்தில் இல்லாமல் வேறொரு இடத்தில் வைக்க வேண்டும். தட்டு வைத்து ஏற்றுகிற கைக்கருவியாக இருந்தால், எந்தத் தயாரிப்புப் பிரைமரைப் பாவிக்கலாம் என்று குறிப்புத்தாளில் இருக்கும். அதை மீறக்கூடாது. துவக்குப் பிரைமரும் கைத்துப்பாக்கிப் பிரைமரும் ஒரே விட்டத்தில் வரும், ஆனால் கிண்ணத் தகட்டின் தடிப்பு வேறு, பெரிய வகையில் உயரமும் வேறு. பெட்டியில் எழுதியிருப்பதை வாசிக்காமல் கலந்துவிட்டால் பிறகு பிரித்தறிவது கஷ்டம்.

கொழும்பு வெக்கையில் இருக்கிற எங்களுக்கு விளங்காத ஒன்றும் அங்கே உண்டு. மாரிகாலத்தில் வினிப்பெக்கில் வெளியே சைபருக்குக் கீழே முப்பது பாகை. வீட்டுக்குள் ஹீட்டரின் வறட்சி. கம்பளத்தில் நடந்துபோய்க் கதவுப் பிடியைத் தொட்டால் சுள்ளென்று பொறி பறக்கும். அந்தப் பொறிக்கும் பிரைமருக்கும் ஆகாது. நான் கம்பளம் இல்லாத சீமெந்துத் தரையில் பருத்திச் சட்டையோடு இருந்துதான் வேலை செய்வேன், பெட்டியைத் திறக்க முன் தண்ணீர்க் குழாயை ஒருதரம் தொடுவேன். மகள் சின்னவளாக இருந்தபோது அப்பா ஏன் குழாயைக் கும்பிடுகிறார் என்று தாயிடம் கேட்டிருக்கிறாள்.

எல்லாவற்றுக்கும் மேலாகக் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. மற்ற ஒன்றையும் நினைவில் வைக்காவிட்டாலும் பரவாயில்லை. பக்கவாட்டையும் மறைக்கிற வகை, ஹார்ட்வெயார் கடையில் கிடைக்கும். கோதின் வாயோ அடியோ முகத்துக்கு நேரே வராமல் கருவியைப் பிடிக்க வேண்டும். பக்கத்தில் யாரும் நிற்கக்கூடாது. ரீவி, ஃபோன் ஒன்றும் வேண்டாம்.

இனி இங்கே இருக்கிற வாசகர்களுக்கு. இந்தக் கடிதத்தை வாசித்துவிட்டு இலங்கையில் யாரும் தோட்டா நிரப்ப யோசிக்க வேண்டாம். 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டமும் 1956 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டமும் இங்கே நடைமுறையில் இருக்கின்றன. துவக்குக்கு அனுமதிப்பத்திரம் வைத்திருக்கிற விவசாயிக்குக்கூட, அதை வைத்துக்கொண்டு வீட்டில் வெடிபொருள் வேலை செய்ய உரிமை வந்துவிடாது. காட்டுப்பன்றிக்கு இடியன் துவக்கும் கட்டுத்துவக்கும் வைத்துக் கை கால் இழந்தவர்களைப் பற்றி உங்கள் பத்திரிகையிலேயே வாசிக்கிறோம்.

போர் நடந்த ஊர்களில் இருப்பவர்களுக்கு இன்னொரு வார்த்தை. சில வருடங்களுக்கு முன் வன்னியில் ஒரு உறவினர் வீட்டுக்குப் போனேன். அங்கே ஒரு பையன், பத்து வயது இருக்கும், காணியில் பொறுக்கிய பித்தளைக் கோதுகளை வரிசையாக அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தான். பழைய இரும்புக்காரனுக்கு விற்கலாம் என்று தகப்பனும் விட்டுவிட்டார். நான் எட்டிப் பார்த்தேன். குண்டு இல்லாத ஒரு கோது, ஆனால் அடியில் பிரைமரில் ஊசி குத்திய அடையாளமே இல்லை. உயிரோடு இருக்கிற பிரைமர். அவன் அதைக் கல்லால் தட்டியிருந்தால்? பையனை அங்கிருந்து கூட்டிக்கொண்டு வந்து, பொலிஸுக்கு அறிவித்து, ஆட்கள் வரும்வரை யாரையும் அந்தப் பக்கம் போக விடவில்லை. வெறும் கோதுதானே என்று நினைக்க வேண்டாம். கண்டெடுத்தால் தொடாமல் 119 க்குச் சொல்லுங்கள். எது உயிரோடு இருக்கிறது, எது செத்தது என்று நீங்கள் திருப்பிப் பார்க்கவும் வேண்டாம்.

ஆசிரியர் ஐயா, இவ்வளவையும் நான் ஏன் கொழும்புப் பத்திரிகைக்கு எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். ஸ்காபரோவிலும் வினிப்பெக்கிலும் இருக்கிற பிள்ளைகளுக்கு உங்கள் பத்திரிகையின் பக்கங்கள் படமாகப் போகின்றன. இங்கே இருக்கிற அம்மாவோ பெரியம்மாவோ ஃபோனில் படம் எடுத்து, உன்னைப் போலப் பிள்ளைகளைப் பற்றிப் பேப்பரில் வந்திருக்கிறது பார் என்று அனுப்புகிறார்கள். அந்தக் கட்டுரை என் தமக்கையின் மகனுக்கும் அப்படித்தான் போனது. அவன் சென்ற வருடம்தான் பிஏஎல் எடுத்தவன். வியாழக்கிழமை இரவு எனக்கு எடுத்து, மாமா, சுத்தியலால் தட்டினால் சரியாமே, நீங்கள் வேறு மாதிரிச் சொன்னீர்களே என்று கேட்டான். அவன் கேட்டபடியால் சொல்ல முடிந்தது. கேட்க ஆள் இல்லாத பிள்ளைகள் எத்தனை பேர்?

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். வரும் ஞாயிறு அதே பக்கத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். பெரிதாக வேண்டாம், நாலு வரி போதும். பிரைமரைச் சுத்தியலால் அடித்து இறுக்கக்கூடாது, கைக்கருவியால் மெதுவாக அழுத்தி ஏற்ற வேண்டும், போக மறுத்தால் நிற்பாட்ட வேண்டும், பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் பெட்டியையே திறக்கக்கூடாது என்று இருந்தால் சரி. மற்றது, அந்தக் கட்டுரையோடு வந்த படத்தில் அந்தத் தம்பி கண்ணாடி இல்லாமல் கோதைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார். முடிந்தால் அவரிடம் கண்ணாடி போட்ட படம் ஒன்று கேட்டு வாங்கித் திருத்தத்தோடு போடுங்கள். தாய்மார் அதையும் படம் எடுத்து அனுப்புவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஃபிட்டர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.